சேலைத் துண்டும் காகிதமும்: வீவக வீட்டில் குயில்ட் தைக்கப் போகிறவர்களுக்கு

குயில்ட், அதாவது துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் அடுக்குப் போர்வை, அதைக் காகிதம் வைத்துத் தைக்கும் பேப்பர் பீசிங் முறை பற்றித் தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று நான் நிறையத் தேடினேன். கண்ணில் பட்டதெல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் தங்கள் ஊருக்காகச் சொன்னவை. தையலுக்கென்றே தனி அறை, குளியல் தொட்டி, அமெரிக்கக் காகித அளவு, பனிக்காலத்துக்கான கனத்த போர்வை. சிங்கப்பூரில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில், வேலைக்குப் போய் வந்து சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அதே மேசையில் தைக்கிற ஒருத்திக்கு என்னென்ன நேரும் என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. எனக்கு 600 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் போயிற்று. ஏறக்குறைய ஒரு வருடம் போயிற்று. அம்மாவின் சேலை ஒன்று பழைய நிறத்துக்குத் திரும்பவே முடியாதபடி போயிற்று. பணத்தைவிட அந்தச் சேலைதான் இன்றும் வலிக்கிறது. அதனால்தான் விலாவாரியாக எழுதுகிறேன்.

அம்மா தவறிய பிறகு பட்டுச் சேலைகளை நானும் அக்காவும் பிரித்துக்கொண்டோம். மிஞ்சியவை அவர் அன்றாடம் கட்டிய பருத்திச் சேலைகள். மதுரைச் சுங்குடி, செட்டிநாட்டுக் கண்டாங்கி, லிட்டில் இந்தியாவில், அதாவது தேக்காவில் வாங்கிய சாதாரண வாயில் (மெல்லிய பருத்தி) புடவைகள். அம்மா என்றால் எங்கள் இருவர் கண்ணிலும் நிற்பது இந்தப் பருத்திதான், பட்டு அல்ல. ஆனால் அங்கங்கே நைந்திருந்தன, கட்ட முடியாது. மலேசியாவில் ஈப்போவிலிருந்து அக்கா போனில் சொன்னாள்: "நீதான் தையல் தெரிஞ்சவ. வெட்டினாலும் பரவாயில்ல, நான் மேல போர்த்திக்கிற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடு." ரவிக்கையும் பாவாடையும் தைத்த பழக்கம் இருந்ததால் சரி என்றேன். ரவிக்கைக்கு உடம்பைப் பார்த்து ஓரம் கூட்டலாம், குறைக்கலாம். இந்த வேலையில் கால் அங்குலம் என்றால் கால் அங்குலம்தான், தம்பிடி விட்டுக்கொடுக்காது.

காகிதம் வைத்துத் தைப்பதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் பேப்பர் பீசிங் என்றே சொல்வதால் புதிதாக வருபவர்களுக்குக் குழப்பம். முதல் வகை மிஷினில் தைப்பது. கோடுகளும் வரிசை எண்களும் அச்சான காகிதத்தின் பின்பக்கம் துணியை வைத்து, முன்பக்கம் தெரிகிற கோட்டின் மேலேயே ஊசியை ஓட்ட வேண்டும். 1 என்ற இடத்துக்கு ஒரு துண்டு, அதன் மேல் 2-க்கான துண்டைக் கவிழ்த்து வைத்துத் தையல், ஓரத்தைக் கால் அங்குலம் விட்டு நறுக்கல், விரித்துத் தேய்த்தல், பிறகு 3. இப்படி ஒரு தாளில் முடிகிற சதுரம்தான் பிளாக். எல்லாம் முடிந்து பிளாக்குகளை ஒன்றோடொன்று சேர்த்த பிறகு காகிதத்தைக் கிழித்து எடுத்துவிடுவோம். கூரான நட்சத்திர முனை, ஊசிபோன்ற முக்கோணம் எல்லாம் பிசகாமல் வருவது இந்த முறையில்தான். துணி வழுக்கினாலும் கோடு நகராது. மெல்லிய பழஞ்சேலைக்கு இது பெரிய உதவி. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: துணி பின்பக்கம் இருப்பதால் முடிந்த படம் இடவலம் மாறி வரும். நட்சத்திரத்துக்குக் கவலை இல்லை. மயிலோ மாங்காயோ தமிழ் எழுத்தோ என்றால் முதலிலேயே திருப்பிப் போட்ட படத்தை அச்சிட வேண்டும். இரண்டாவது வகை முழுக்கக் கைவேலை. அதைப் பின்னால் சொல்கிறேன், எனக்கு அது பின்னால்தான் வந்தது.

பணம் போகத் தொடங்கியது காகிதத்தில். நான் காசு கொடுத்து வாங்கிய நட்சத்திர வடிவம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே அவர்கள் பயன்படுத்தும் காகிதத்தின் அகலம் 215.9 மில்லிமீட்டர், நம்முடைய ஏ4 தாள் 210. எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அச்சுக்கடையில் கோப்பைக் கொடுத்து, அளவு மாறக் கூடாது என்று சொல்லித்தான் அச்சிட்டு வாங்கினேன். அங்கே மிஷின் தாளுக்கு ஏற்றபடி படத்தைச் சுருக்கிவிட்டது. நூற்றுக்கு மூன்று பங்கு குறைவு கண்ணுக்குத் தெரியாது. 8 அங்குலப் பிளாக்கில் அது ஏறக்குறைய கால் அங்குலம். பாதிப் பிளாக்குகளைக் கடையிலும் மீதியை அலுவலகத் தோழி வீட்டுப் பிரிண்டரிலும் அச்சிட்டிருந்ததால் ஒரு பாதி சிறியது, ஒரு பாதி சரியானது. வரிசை சேர்க்கும்போதுதான் எந்த மூலையும் எந்த மூலையோடும் சந்திக்கவில்லை என்று தெரிந்தது. துணி, அச்சுக்கூலி, வடிவத்தின் விலை எல்லாம் சேர்த்து 90 வெள்ளிக்குப் பக்கம். அன்று இரவு தையலைப் பிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். 1.5 மில்லிமீட்டர் தையலைப் பிரிப்பது என்ன வேதனை என்று பிரித்தவர்களுக்குத் தெரியும். நைந்த சேலைத் துணி பிரிக்கும்போதே கிழிந்தது. அம்மாவின் துணி குப்பைக்குப் போவதைப் பார்க்க முடியாமல் அந்தக் கந்தல்களை ஒரு பையில் போட்டு வைத்தேன்.

ஆகவே அச்சிடும்போது அளவு நூறு விழுக்காடு என்று இருக்க வேண்டும், தாளுக்குப் பொருத்து என்ற தேர்வு எங்கும் இருக்கக் கூடாது. நல்ல வடிவங்களில் ஓர் அங்குலச் சதுரம் ஒன்று சோதனைக்காகவே அச்சாகியிருக்கும். முதல் தாள் வந்ததும் கடையிலேயே நின்று அளவுகோலை வைத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் மட்டும் மீதியை அச்சிடச் சொல்லுங்கள். ஒரு குயில்ட்டுக்கான அத்தனை தாளும் ஒரே பிரிண்டரில் வரட்டும். தாள் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது, கிழிக்கச் சுலபம். சாதாரண 80 கிராம் அலுவலகத் தாளிலும் தைக்கலாம், கிழிக்கும்போது கை வலிக்கும். இன்னொன்று, லேசர் அச்சின் மை இஸ்திரிச் சூட்டில் உருகித் துணியிலோ மேசை விரிப்பிலோ ஒட்டலாம். மேலே ஒரு வெள்ளைத் துணி போட்டுத் தேய்த்தால் பயமில்லை. இஸ்திரியில் ஆவி வேண்டாம், காகிதம் சுருண்டு அளவு மாறும்.

மிஷின் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். என் பழைய மிஷின் நூலை அறுத்துக்கொண்டே இருந்ததால், பழைய பொருள் விற்கும் செயலி ஒன்றில் 180 வெள்ளிக்கு ஜப்பானிய மிஷின் வாங்கினேன். பிளக் மாற்றினால் போதும் என்று விற்றவர் சொன்னார். ஜப்பான் வீடுகளில் மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. சுவிட்சைப் போட்டதும் புகை வந்தது, அவ்வளவுதான். விற்றவர் பிறகு பதிலே போடவில்லை. பழைய மிஷின் வாங்குகிறவர்கள் அடியிலோ பின்னாலோ இருக்கும் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி வோல்ட்டைப் பார்த்த பிறகு காசு கொடுங்கள். கடைசியில் உத்தரவாதத்தோடு ஒரு புது மிஷின் வாங்கினேன். அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறேன். கீழ்வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் இரவு பத்து மணிக்குமேல் மிஷின் ஓட்டுவதில்லை.

தையலில் எனக்குப் பலன் தந்தவை இவை. ஊசி 14-ஆம் நம்பர், காகிதத்தில் பெரிய துளை விழும். தையல் நீளம் 1.5 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்துக்கு 17 தையல் அளவில். துளைகள் நெருக்கமாக இருந்தால்தான் காகிதம் தபால்தலைபோலச் சுலபமாகப் பிரியும், தையலும் இழுபடாது. கோட்டுக்கு முன்னும் பின்னும் கால் அங்குலம் தாண்டித் தையுங்கள். துண்டை எல்லாப் பக்கமும் அரை அங்குலம் தாராளமாக வெட்டுங்கள். துணியை மிச்சம் பிடிக்க நினைத்தால், விரித்துப் பார்க்கும்போது ஓரம் எட்டாமல் நிற்கும். சாய்ந்த முக்கோணங்களுக்கு இன்னும் தாராளம் வேண்டும். பிளாக்கின் வெளி ஓரங்களில் துணியின் நேர் இழை வரட்டும். கிராஸ் (குறுக்குச் சாய்வு) வந்தால் இழுத்துக்கொண்டே போகும், காகிதத்தைக் கிழித்ததும் ஓரம் அலை அலையாக நிற்கும். காகிதத்தில் ஓடுகிற ஊசி சீக்கிரம் மழுங்கும், 'டொக் டொக்' என்று சத்தம் வந்தால் மாற்றிவிடுங்கள்.

பழைய சேலையை வெட்டுவதற்கு முன் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு கட்டைவிரலால் லேசாக இழுத்தால் இழை விலகுகிற இடம் எதற்கும் உதவாது, ஒதுக்கிவிடலாம். நன்றாக இருக்கிற பகுதிக்குச் சோற்றுக் கஞ்சியை வடிகட்டித் தண்ணீராகப் போட்டு, காய்ந்ததும் தேய்த்தேன். வாயில் துணி காகிதத்தின் மேல் அசையாமல் நின்றது. கஞ்சி போட்ட துணியை மாதக்கணக்கில் பெட்டியில் வைக்கக் கூடாது, சில்வர்ஃபிஷ் பூச்சிக்குக் கஞ்சி என்றால் உயிர். இந்த ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சையும் வரும். ரொம்ப மெலிந்த சேலைக்குப் பின்னால் இஸ்திரியில் ஒட்டுகிற மெல்லிய கேன்வாஸ் ஒட்டிக்கொண்டேன்.

சேலையோடு சேர்க்கப் புதுத் துணியும் வேண்டும். அரபு ஸ்திரீட், சைனாடவுனில் பீப்பள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் மாடிக் கடைகள், ஜாலான் சுல்தானில் டெக்ஸ்டைல் சென்டர், பிளாசா சிங்கப்பூராவில் ஸ்பாட்லைட் எல்லாம் ஏறி இறங்கினேன். விலை குறைவு என்று இணையத்தில் வரவழைத்த 120 வெள்ளித் துணி, பருத்தி என்று போட்டிருந்தும் கலப்படமாக வந்தது. காகிதத்தோடு சேர்த்துத் தேய்த்தபோது பளபளவென்று சுருங்கியது. ஓரத்திலிருந்து நூலிழை சிலவற்றை உருவி, சமையலறைத் தொட்டியின் மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெத்தென்ற சாம்பலாகும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கடினமான மணியாக உருளும். வெளிநாட்டுப் பொட்டலத்தின் விலையைப் பார்க்கும்போது வரியையும் சேர்த்துப் பாருங்கள். 2023 ஜனவரி முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொட்டலங்களுக்கும் பொருள் சேவை வரி உண்டு. 2024 முதல் அது 9 விழுக்காடு. அஞ்சல் கட்டணமும் சேர்ந்தால் நேரில் தொட்டுப் பார்த்து வாங்குவதற்கும் அதற்கும் வித்தியாசமே இருக்காது.

நிறம் சேர்ப்பதில் எனக்கு வழிகாட்டி தஞ்சாவூர்த் தொம்பை. தேரிலும் கோயில் மண்டபத்திலும் தொங்குமே, சிவப்பு, பச்சை, மஞ்சள், வெள்ளைத் துணிகளை வெட்டி ஒட்டித் தைத்தது, அதுதான். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக் காட்டுவதற்குக் காரணம் நிறத்தின் பெயர் அல்ல, வெளிர்ப்பும் அடர்த்தியும் மாறி மாறி வருவதுதான். அம்மாவின் மாம்பழ மஞ்சளும் இளம்பச்சையும் தனித்தனியாக எவ்வளவு அழகு! சேர்த்துத் தைத்தபோது நட்சத்திரமே தெரியவில்லை. துணிகளைத் தரையில் அடுக்கிக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்த்தால் உடனே புரியும். படத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால், வண்ணத்தில் எவ்வளவு வேறுபட்டாலும் பிளாக்கில் கரைந்துபோகும்.

உள்ளே வைக்கும் பேட்டிங்கில் 75 வெள்ளி வீண். குளிர்நாட்டுக்கான தடித்த பாலியெஸ்டர் பஞ்சு அது. போர்த்திப் பார்த்த மகள் ஒரு நிமிடத்தில் உதறிவிட்டாள். குளிர்சாதனம் ஓடுகிற அறைக்கே அது அதிகம். இந்த ஊருக்கு மெல்லிய பருத்திப் பேட்டிங் போதும். அதுவும் வேண்டாம் என்றால் பழைய வேட்டி. வங்காளத்தில் காந்தா போர்வைகளை உள்ளே பஞ்சு எதுவும் வைக்காமல் பழஞ்சேலைகளை அடுக்கியே தைக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் அப்பாவின் எட்டு முழ வேட்டியை நடு அடுக்காக வைத்தேன். மேலே அம்மாவின் சேலை, உள்ளே அப்பாவின் வேட்டி. அக்காவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் போனில் பேச்சே வரவில்லை. மூன்று அடுக்கையும் சோபாவை நகர்த்திக் கூடத்துத் தரையில் விரித்து, அடித்துணியை நாலு பக்கமும் டேப் ஒட்டி இழுத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊக்கு குத்தினேன். ஊக்குகளை அப்படியே விட்டு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். மழை மாதத்தில் இரும்பு ஊக்கு துருப்பிடித்துத் துணியில் பழுப்புப் புள்ளி வைக்கும், போகாது. மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க வாக்கிங் ஃபுட் என்ற மிஷின் பாதம் அவசியம். அது மேல் துணியையும் கீழ்த் துணியையும் ஒரே வேகத்தில் நகர்த்தும். நேர்கோடுகள் போதும், அழகாகவே இருக்கும்.

இனி அந்தச் சிவப்பு. பிளாக்குகளுக்கு நடுவே பட்டையாக ஓட்ட அடர் சிவப்புப் பருத்தித் துணி 60 வெள்ளிக்கு வாங்கினேன். சாயம் போகுமா என்று கடையில் கேட்டேன். மறுபடியும் கேட்டேன். "போகவே போகாதுக்கா, நம்பி வாங்கிட்டுப் போங்க," என்றார் விற்றவர். ஈப்போவுக்கு அனுப்புமுன் கஞ்சியும் சாக்பீஸ் கோடும் போக வேண்டுமே என்று குளிர்ந்த தண்ணீரில் மெதுவான சுற்றில் மிஷினில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். எங்கள் மிஷின் துவைத்து முடித்துத் தானே உலர்த்திவிடும் வகை. மாலையில் வந்து திறந்தபோது ஒவ்வொரு சிவப்புப் பட்டையைச் சுற்றியும் இளஞ்சிவப்பு பரவியிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் வீரமாகாளியம்மன் கோயிலுக்கு அம்மா கட்டிக்கொண்டு போகும் சந்தன நிறச் சேலை, பச்சைக் கரை போட்டது, அதுதான் அதிகம் பாதிக்கப்பட்டது. மிஷினுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதேன். கணவர் வந்து எழுப்பும்வரை எழவில்லை. அம்மா போன அன்று நான் அழாத அழுகையெல்லாம் சேர்ந்து வந்ததோ என்னவோ. அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை, இன்னும் முடியவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கடையில் போய்க் காட்டியபோது வெட்டிக் கொடுத்த துணிக்குப் பொறுப்பில்லை என்று முடித்துக்கொண்டார்கள்.

தெரிந்தவர்கள் உப்புத் தண்ணீர் என்றார்கள், வினிகர் என்றார்கள். அம்மாவும் புதுச் சேலையை முதல் தடவை உப்புத் தண்ணீரில்தான் நனைப்பார். அதன் காரணத்தை இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். சாயத்தொட்டியில் உப்பு சேர்த்தால் சாயம் பருத்தியின் மேல் ஏறும், அது உண்மை. ஆனால் ஆலையில் சரியாக அலசாமல் துணியில் தங்கிவிட்ட உபரிச் சாயத்தை உப்பால் கட்டிப்போட முடியாது. வினிகர் பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் சாயத்துக்கு உதவும், பருத்திச் சாயத்துக்கு அல்ல. கை கொடுத்தது கொதிக்கச் சுடும் தண்ணீரும் தாராளமான சோப்பும்தான். நிறையத் தண்ணீர் இருந்தால் வெளியேறுகிற சாயம் நீர்த்துப்போகும். சோப்பு அதைத் திரும்பத் துணியில் உட்காரவிடாமல் தண்ணீரிலேயே பிடித்து வைக்கும். நம் வீடுகளில் குளியல் தொட்டி ஏது? பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைக் குளியலறையில் வைத்து, ஹீட்டர் தண்ணீரோடு கெட்டிலில் கொதித்ததையும் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, குயில்ட்டை முழுக்க அமுக்கி மேலே தட்டு வைத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஊறவிட்டேன். ஒரு மூலைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, அங்கே சாயம் ஏறிக் கோடாக நிற்கும். தண்ணீர் வெளுத்து வரும்வரை திரும்பத் திரும்ப மாற்றினேன். கண்டாங்கியும் சுங்குடியும் தெளிந்தன. சந்தனச் சேலை தெளியவில்லை, உலர்த்தும் சூட்டில் சாயம் பிடித்துக்கொண்டது. எனவே சாயம் பரவியதைப் பார்த்தால் எந்தக் காரணத்துக்காகவும் உலர விடாதீர்கள். ஈரத்தோடு அப்படியே வெந்நீருக்குக் கொண்டுபோங்கள். உலர்த்துகிற சுற்றை முன்கூட்டியே நிறுத்திவிடுங்கள். தண்ணீரில் கசியும் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் கலர் கேச்சர் தாள்களும் கூடவே போடலாம்.

கடைக்காரர் என்ன உறுதி சொன்னாலும், வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு துணியிலும் ஒரு துண்டு எடுத்து, கண்ணாடித் தம்ளரில் வெந்நீரும் ஒரு சொட்டுச் சோப்பும் விட்டு அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். கூடவே ஒரு வெள்ளைத் துணித் துண்டையும் போட்டு வையுங்கள். தண்ணீர் நிறம் மாறினால் அந்தத் துணியைத் தனியாக வெந்நீரில் அலசி அலசித் தீர்க்க வேண்டும், தீராவிட்டால் குயில்ட்டுக்கு வேண்டாம். சிவப்பு, கருநீலம், பத்திக், சுங்குடி நாலுக்கும் இது கட்டாயம். துவைத்த குயில்ட்டை மூங்கில் கழியில் மாட்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டவும் வேண்டாம். தண்ணீர் குடித்த குயில்ட் என்ன கனம் கனக்கும் தெரியுமா, கழி வளையும், கீழே ஆட்கள் நடக்கிறார்கள். நான் வீட்டுக்குள் இரண்டு உலர்த்தும் சட்டங்களின் மேல் படுக்கவைத்து மின்விசிறி போட்டுக் காயவைத்தேன்.

அதற்குப் பிறகு பல மாதம் மிஷின் மூடியே கிடந்தது. திரும்பத் தொட வைத்தது ஒரு பழைய குயில்ட்டின் படம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்திருந்த காலத்தில் இங்கே சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்த சாரணச் சிறுமிகள், தங்கள் தலைவி எலிசபெத் எனிஸின் பிறந்தநாளுக்கென்று கிடைத்த கந்தல்களில் அறுகோணங்கள் வெட்டி ஒரு குயில்ட் தைத்தார்கள். இன்று அது லண்டனில் இம்பீரியல் வார் மியூசியத்தில் இருக்கிறது. அதே சிறையில் 1942-இல் எத்தல் மல்வேனி என்ற கனடியப் பெண்ணின் யோசனையில் பெண்கள் ஆளுக்கொரு சதுரம் தைத்து, 66 சதுரங்கள் கொண்ட குயில்ட்டுகள் செய்தார்கள். பிரித்து அடைக்கப்பட்டிருந்த கணவர்களுக்குத் தாங்கள் உயிரோடிருப்பதைச் சொல்ல, சதுரத்தில் பெயரைப் பின்னினார்கள். அவற்றில் இரண்டு கான்பராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. என் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய இடத்தில், பசியோடு, சரியான நூல்கூட இல்லாமல் பிள்ளைகள் செய்த வேலை. நான் ஒதுக்கி வைத்திருந்த கந்தல் பையை அன்றே எடுத்தேன்.

அறுகோணத்துக்குத் துணி கொஞ்சம் போதும். ஒரு பக்கம் ஓர் அங்குலம் உள்ள அறுகோணத்துக்கு இரண்டரை அங்குலத் துண்டு இருந்தால் ஆயிற்று, கிழிந்த பிளாக்குகளிலிருந்தே நிறையத் தேறியது. காகிதம் கெட்டியாக இருக்க வேண்டும். கடைத்தொகுதிகளில் கொடுக்கும் விளம்பர அட்டையும் மாதக் காலண்டரின் தாளும் நன்றாக வேலை செய்தன. செய்தித்தாள் ஆகாது, மெல்லியது, மையும் துணியில் ஏறும். துணியைக் காகிதத்தின் மேல் மடித்து மூலைகளில் ஓட்டுத் தையல் போட்டு, இரண்டை முகத்தோடு முகம் வைத்து விளிம்பிலுள்ள துணியிழையை மட்டும் கவ்வித் தைக்க வேண்டும். காகிதத்தைக் குத்தினால் எடுக்கும்போது சிக்கும். ஆறு பக்கமும் அண்டை அறுகோணம் வந்த பிறகுதான் நடுவில் உள்ள காகிதத்தை உருவலாம், அதை மறுபடி பயன்படுத்தலாம். சுங்குடியின் புள்ளி நடுவில் வரும்படி வெட்டினால் ஒவ்வொன்றும் பூவாகிவிடும். எம்ஆர்டியில் உட்கார இடம் கிடைத்த நாட்களில் எல்லாம் தைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்த ஒரு மலாய் மாது தன் அம்மாவின் பாஜு குரோங் துணிகளும் பெட்டியில் கிடக்கின்றன என்று சொல்லி, எப்படி மடிக்கிறேன் என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

சாயம் ஏறிய குயில்ட்டிலிருந்து சிவப்புப் பட்டைகளைப் பிரித்து, அந்த இடத்தில் அறுகோண வரிசைகளைச் சேர்த்தேன். சந்தனச் சேலையின் இளஞ்சிவப்புப் பகுதியை அப்படியே விட்டுவிட்டேன், அக்காவிடம் நடந்ததை முழுவதும் சொன்னேன். "அம்மா சேலைதானே, இருக்கட்டும்," என்றாள். அவளுக்கு அனுப்பியபோது பின்பக்கம் ஒரு துணிப்பட்டையில் துவைக்கும் முறையைத் தமிழில் எழுதித் தைத்தேன்: தனியாகத் துவைக்கவும், கலர் கேச்சர் தாள் போடவும், நிழலில் படுக்கவைத்துக் காயவைக்கவும்.

தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. முழு குயில்ட்டைத் தொடாதீர்கள். 8 அங்குலப் பிளாக் நான்கு தைத்து 16 அங்குலத் தலையணை உறை ஒன்று செய்யுங்கள். மனசுக்கு வேண்டிய பழஞ்சேலையை இதற்கு வெட்ட வேண்டாம், தேக்காவில் கிடைக்கும் விலை குறைந்த பருத்தித் துணி போதும். காகித அளவு, தையல் நீளம், சாயச் சோதனை, துவைப்பு எல்லாவற்றையும் அந்த ஓர் உறையில் பார்த்துவிடலாம். கையில் இருக்கும் மிஷினே போதும், ஊசியும் நூலும் துணியும் அச்சும் சேர்ந்து 30 வெள்ளிக்குள் முடியும். துவைத்த பிறகு நிறமும் மூலைகளும் நின்ற இடத்தில் நின்றால் சேலைப் பெட்டியைத் திறக்கலாம்.